உறவைத் தேடி நடந்த உழைப்பாளி

டார்ஜிலிங் மலைச்சரிவில், பழைய கல்லறைத் தோட்டத்தில், ஐரோப்பாக் கண்டத்திலிருந்து பெரும்பகுதி வழி நடந்தே வந்த ஒரு மனிதர் அடக்கமாகியிருக்கிறார். அவர் படை நடத்தி வந்தவர் அல்ல. வணிகம் செய்ய வந்தவர் அல்ல. மதம் பரப்ப வந்தவரும் அல்ல. தம் இனத்தாரின் பூர்வீக வீடு ஆசியாவில் எங்கோ இருக்கிறது, அதைக் கண்டே தீருவது என்று புறப்பட்டு, இருபத்திரண்டு ஆண்டுக்கு மேல் அலைந்து, காணாமலே 1842 ஏப்ரல் 11-ஆம் நாள் கண்ணை மூடியவர். அங்கேரி நாட்டார் அவரைக் கொரொஷி சோமா ஷாண்டோர் என்று அழைக்கிறார்கள். நம் நாட்டு வரலாற்று ஏடுகளில் அலெக்சாண்டர் சோமா டி கோரோஸ் என்று இருக்கும். நாம் சுருக்கமாகச் சோமா என்றே சொல்வோம்.

ஆரணியில் பட்டு நெய்கிற தோழர்களுக்கும் அங்கேரிக்காரர் ஒருவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. ஆரணியில் தறி ஓசை ஒன்றுதான். தறிக்குழியில் காலை வைத்து உட்கார்ந்திருப்பவர் வீட்டுக்குள் பேசுகிற மொழி ஒன்றல்ல. ஒரு வீட்டில் தமிழ், இன்னொரு வீட்டில் சௌராஷ்டிரம், வேறொரு வீட்டில் தெலுங்கு. கூலி குறைந்தால் எல்லார் வீட்டு அடுப்பும் ஒன்றாகத்தான் அணைகிறது. ஆனாலும் டீக்கடைப் பெஞ்சியில் பேச்சு முற்றிவிட்டால், உன் பாட்டன் எங்கிருந்து வந்தவன், இது யார் ஊர் என்ற கேள்வி தலைநீட்டத்தான் செய்கிறது. அந்தக் கேள்வியை ஒரு மனிதர் ஆயுள் முழுவதும் தோளில் சுமந்து மலை மலையாக ஏறினார். அவர் எதைக் கண்டார், எது அவர் கண்ணுக்குத் தப்பியது என்று தெரிந்துகொள்வது நமக்கு நல்லது.

காவலர் வீட்டுப் பிள்ளை

சோமா 1784-ல் டிரான்சில்வேனியா நாட்டில் கொரொஷ் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் பெயரின் அமைப்பைப் பாருங்கள். கொரொஷி என்றால் கொரொஷ் ஊர்க்காரர். அடுத்தது குடும்பப் பெயர். கடைசியில்தான் சொந்தப் பெயர். ஊர்ப்பெயரை முன்னே வைத்து எழுதுகிற வழக்கம் நமக்கும் உண்டல்லவா?

அவர் பிறந்தது சேக்கேய் என்னும் குடி. அங்கேரிய மொழி பேசுகிற குடி. எல்லையைக் காப்பது அவர்கள் பரம்பரைக் கடமை; அதற்கு ஈடாகச் சில உரிமைகளை வைத்திருந்தார்கள். வியன்னாவிலிருந்து ஆண்ட ஆப்ஸ்பர்க் அரச குடும்பம் அந்த உரிமைகளைத் தட்டிப் பறித்துவிட்டு, கட்டாயப் படைச் சேவையை அவர்கள் தலையில் கட்டியது. எதிர்த்தவர்கள் மாதேபால்வா என்ற ஊரில் திரண்டார்கள். 1764 ஜனவரி 7-ஆம் நாள் விடியுமுன் அரசின் படை வந்து சுட்டது. நூற்றுக்கணக்கானவர் மாண்டனர். சோமா பிறப்பதற்கு இருபது ஆண்டுக்கு முன் நடந்தது இது. அந்தக் கதையைக் கேட்டுத்தான் அவ்வூர்ப் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

அவர் பிறந்த ஆண்டிலேயே இன்னொன்று நடந்தது. பேரரசன் இரண்டாம் ஜோசப், அங்கேரியில் அரசுக் காரியமெல்லாம் இனி ஜெர்மன் மொழியில்தான் நடக்க வேண்டும் என்று 1784-ல் ஆணை போட்டான். அதுவரை அரசு மொழியாக இருந்தது லத்தீன். மக்கள் வீட்டில் பேசியது அங்கேரிய மொழி. பேசுகிற மொழிக்கு ஆட்சியில் இடமில்லை. பேசாத மொழி இரண்டு மாறி மாறி ஆட்சி செய்யும்! எதிர்ப்பு கிளம்பியது. சாகும் தறுவாயில், 1790-ல், அந்த ஆணையையும் மற்றப் பல ஆணைகளையும் அவனே திரும்பப் பெற்றான். ஆணை போனது, அது கிளப்பிய உணர்ச்சி போகவில்லை. நம் மொழி எது, நாம் யார் என்ற கேள்வி படித்தவர் படிக்காதவர் எல்லாரிடமும் பற்றிக்கொண்டது. இது எப்படிப்பட்ட உணர்ச்சி என்று தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அயலார் நடுவே ஒரு மொழி

அங்கேரியர் தம்மை மகியார் என்று சொல்லிக்கொள்பவர்கள். சுற்றிலும் ஜெர்மன் மொழியாரும், சிலாவிய மொழியாரும், ருமேனியரும் வாழ, நடுவே ஒரு தீவுபோல் இவர்கள் மொழி. கிழக்கே புல்வெளி நாட்டில் குதிரையும் கூடாரமுமாகத் திரிந்த இவர்கள், 895-ஐ ஒட்டி ஆர்பாட் என்ற தலைவனின் கீழ்க் கார்பாத்திய மலையைக் கடந்து, டான்யூப் ஆறு பாயும் சமவெளியில் குடியேறினார்கள். 1000-ஐ ஒட்டி இஸ்த்வான் என்னும் மன்னன் முடி சூடிக் கிறிஸ்தவ அரசை நிறுவினான். 1241-ல் மங்கோலியப் படை வந்து நாட்டைச் சூறையாடியது. 1526-ல் மொகாச் போரில் துருக்கியச் சுல்தான் அங்கேரிய அரசை முறியடித்தான். 1541 முதல் 1686 வரை தலைநகர் புடா துருக்கியர் கையில். அவர்கள் போனதும் வியன்னாக்காரர் கை ஓங்கியது.

இத்தனை படைகள் மிதித்தும் மொழி சாகவில்லை. அந்த மொழியின் நடையில் தமிழனுக்கு ஒரு சுவை உண்டு. அவர்களுக்கு ஹாஸ் என்றால் வீடு. ஹாஸக் என்றால் வீடுகள். ஹாஸக்பன் என்றால் வீடுகளில். பாருங்கள்: வீடு, வீடுகள், வீடுகளில் என்று நாம் ஒட்டை ஒட்டோடு கோப்பதுபோலவே அவர்களும் கோக்கிறார்கள். ஜெர்மானியனோ ரஷ்யனோ இப்படிக் கோப்பதில்லை. 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டு, திராவிட மொழிகளுக்கும் அவர் சித்தியம் என்று பெயரிட்ட மொழிக்கூட்டத்துக்கும் உறவு உண்டு என்று கருதினார். அந்தக் கூட்டத்தில் அங்கேரிய மொழியின் இனமும் அடக்கம். பின்வந்த மொழியறிஞர் அந்த உறவை உறுதி செய்யவில்லை. நடை ஒத்திருப்பதால் மட்டும் இரண்டு பேர் அண்ணன் தம்பி ஆகிவிடமாட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சோமாவின் கதைக்கு இது வேண்டும்.

வேலை செய்து படித்தவர்

வீட்டில் வசதி இல்லை. 1799-ல் ஊரைவிட்டு நடந்து, நாகியெனியெத் என்ற ஊரிலிருந்த பெத்லென் கல்லூரியில் சேர்ந்தார். வசதி படைத்த மாணவர்களுக்குப் பணிவிடை செய்து வயிற்றைக் கழுவுகிற ஏழை மாணவராக இருந்தார். கொஞ்சம் வளர்ந்ததும் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் படிப்பைத் தொடர்ந்தார். இப்படிப் பதினைந்து ஆண்டுக்கு மேல்! அங்கே இருந்தபோதுதான், நம் முன்னோர் ஆசியாவில் எங்கிருந்து வந்தார்கள் என்று நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று அவரும் வேறு இரண்டு மாணவர்களும் உறுதி செய்துகொண்டனர். மற்ற இருவரும் உறுதியை மறந்துவிட்டு வாழ்ந்தனர். சோமாவுக்கு மறக்கத் தெரியவில்லை.

1816-ல் உதவித்தொகை பெற்று ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஆங்கிலமும் அரபியும் பயின்றார். லத்தீன், கிரேக்கம், எபிரேயம், பிரெஞ்சு, ஜெர்மன், ருமேனியம் எல்லாம் முன்பே ஓரளவு தெரியும். ஊர் திரும்பியதும் பேராசிரியர் பதவி காத்திருந்தது. வேண்டாம் என்றார். சிலாவிய மொழி கற்க நடந்தே குரோவேசியா நாட்டுக்குப் போய்வந்தார். பிறகு 1819 நவம்பர் இறுதியில் விடைபெற்றார். வழியனுப்பிய பேராசிரியர் ஒருவர் பின்னாளில் எழுதிவைத்ததன்படி, பக்கத்து வயலுக்கு உலாவப் போகிறவர்போல் மெல்லிய ஆடையோடு நின்றாராம். முறையான பயண அனுமதி இல்லை. கையில் பெரும் பணம் இல்லை. வயது முப்பத்தைந்து.

கால்நடையாகக் காபூல் வரை

அவர் போன வழியைப் படித்தாலே கால் வலிக்கும். மலை கடந்து புக்காரெஸ்ட் நகரம். அங்கிருந்து கான்ஸ்டாண்டிநோபிள் போக நினைத்தார். கொள்ளைநோய் பரவியதால் வழி மாறினார். கப்பலில் அலெக்சாந்திரியா, அங்கும் கொள்ளைநோய். சைப்ரஸ் தீவு, சிரியக் கரை, அலெப்போ நகரம். அங்கிருந்து வணிகர் கூட்டத்தோடு நடந்து மோசூல். டைகிரிஸ் ஆற்றில் மிதவையில் பாக்தாத். 1820 அக்டோபரில் தெகரான். அங்கே ஆங்கிலத் தூதரகத்தார் உதவ, நான்கு மாதத்துக்கு மேல் தங்கிப் பாரசீகம் பயின்றார். ஐரோப்பியர் என்று தெரிந்தால் உயிருக்கு ஆபத்து. எனவே ஆர்மீனியர் உடையில், சிக்கந்தர் பேக் என்ற பெயரில் நடந்தார். மெஷேது, பிறகு 1821 நவம்பரில் பொகாரா. ரஷ்யப் படை வருகிறது என்ற வதந்தி கேட்டு ஐந்தே நாளில் அங்கிருந்து கிளம்பினார். 1822 ஜனவரியில் காபூல், மார்ச்சில் லாகூர், ஏப்ரலில் காஷ்மீர், ஜூனில் லடாக்கின் தலைநகர் லே.

அவர் போக எண்ணிய இடம் இன்னும் வடக்கே, சீனத் துருக்கிஸ்தானம். அங்குள்ள உய்குர் மக்களிடம் அங்கேரியரின் வேர் கிடைக்கும் என்று நம்பினார். ஆனால் லேயிலிருந்து யார்க்கந்து போகும் பாதை பணமும் ஆபத்தும் நிறைந்தது. திரும்பினார். திரும்பும் வழியில் திராஸ் பக்கத்தில், 1822 ஜூலை 16-ஆம் நாள், வில்லியம் மூர்கிராப்ட் என்ற ஆங்கிலேயரைச் சந்தித்தார். குதிரை வாங்குவதற்காகக் கும்பினியின் ஊழியத்தில் சுற்றிய மாட்டு மருத்துவர் அவர். ரோமாபுரியில் அச்சான திபெத்து மொழி நூல் ஒன்றைச் சோமாவிடம் கொடுத்தார். அதைப் புரட்டிய சோமாவுக்கு ஓர் எண்ணம்: திபெத்து மடங்களில் பல நூற்றாண்டு ஏடுகள் இருக்கின்றன, வட ஆசிய மக்களைப் பற்றிய பழஞ்செய்தி அவற்றில் இருக்கலாம், திபெத்து மொழியைக் கற்றால் நம் இனத்தின் கதையும் கிடைக்கலாம். வாழ்க்கையின் திசை அங்கே திரும்பியது.

ஒன்பதடி அறை

1823 ஜூனில் சன்ஸ்கார் பள்ளத்தாக்கில் சங்லா என்ற ஊருக்குப் போனார். சங்கே புன்ட்சோக் என்ற லாமா ஆசிரியராக வாய்த்தார். ஒன்பதடிக்கு ஒன்பதடி அறை. அதற்குள் சோமா, லாமா, ஒரு பணியாள். மழையும் வெயிலும் தெரிந்த நமக்கு அந்தக் குளிரை எண்ணிப் பார்க்கவே முடியாது. வெளியே மூன்று நான்கு மாதம் பனி மூடிக் கிடக்கும். கதவைத் தாண்ட முடியாது. உள்ளே கணப்பு இல்லை. ஆட்டுத்தோல் அங்கியைப் போர்த்துக்கொண்டு, கையைக் கட்டியபடி காலை முதல் இருட்டும் வரை படிப்பு. ஏட்டைப் புரட்டக் கையை வெளியே எடுத்தால் விரல் விறைக்கும். வெறுந்தரையில் படுக்கை. வெண்ணெய் போட்ட தேநீர்தான் பெரும்பாலும் உணவு.

தறிக்குழியில் பத்து மணி நேரம் உட்கார்ந்து எழுபவருக்கு இந்த உழைப்பின் தன்மை விளங்கும். ஒரு சொல், அதன் பொருள், அடுத்த சொல், அதன் பொருள். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று அறுந்தாலும் கண்டுபிடித்து முடிச்சுப் போட்டாக வேண்டும். அவசரப்பட்டால் சேலை கெடும். அவர் கட்டிய பாவில் நாற்பதாயிரம் அளவில் சொற்கள் சேர்ந்தன.

ஐம்பது ரூபாய்

1824 நவம்பரில் சபாத்து என்ற எல்லைப்புறப் பாசறைக்கு இறங்கி வந்தார். கும்பினி அதிகாரி அவரைப் போகவிடவில்லை. கந்தலும் தாடியுமாக மலையிலிருந்து இறங்கும் ஐரோப்பியன் யார்? ரஷ்யாவின் ஒற்றனா? தம் வரலாறு முழுவதையும் கடிதமாக எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. மாதக்கணக்கில் காத்திருந்த பிறகுதான் மேலிடத்து அனுமதி வந்தது. மாதம் ஐம்பது ரூபாய் உதவியும் வந்தது. அதற்குப் பதிலாகத் திபெத்து மொழிக்கு ஓர் அகராதியும் இலக்கணமும் தர ஒப்புக்கொண்டார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கும்பினி அறிவுக்காக ஐம்பது ரூபாய் கொடுக்கவில்லை. திபெத்துடன் வணிகம் வேண்டும், இமயத்து எல்லையில் கண் வேண்டும். அதற்கு மொழி தெரிய வேண்டும். சோமா அதை அறியாதவர் அல்ல. அதனால்தான் தம் நூலின் முன்னுரையிலேயே, தாம் எந்த அரசாலும் அரசியல் செய்தி திரட்ட அனுப்பப்பட்டவர் அல்ல என்று அழுத்திச் சொல்லி வைத்தார். உழைப்பாளி தன் உழைப்பை நேர்மையாகத்தான் கொடுக்கிறான். வாங்குகிறவன் அதை எதற்குப் பயன்படுத்துவான் என்பது அவன் கையில் இருப்பதில்லை. நெய்த சேலை யார் பெட்டிக்குப் போகிறது என்று நெய்தவனையா கேட்கிறார்கள்?

ஆனால் வாங்கிய கூலிக்குக் கணக்குச் சொல்வதில் அவரைப்போல் ஒருவரைக் காண்பது அரிது. 1825-ல் மறுபடியும் சன்ஸ்காருக்குப் போய்ப் புக்தல் மடத்தில் தங்கினார். அந்த முறை லாமா சரியாக உழைக்கவில்லை, வேலை முற்றுப்பெறவில்லை. 1827 தொடக்கத்தில் திரும்பி வந்து, எதிர்பார்த்தபடி முடிக்கவில்லை என்று அரசிடம் தாமே ஒப்புக்கொண்டார். இன்னொரு தவணை கேட்டு வாங்கிக்கொண்டு, கின்னௌர் மலையில் கானம் என்ற ஊருக்குப் போய் 1830 வரை உழைத்தார். 1828-ல் அவரைப் போய்ப் பார்த்த டாக்டர் ஜெரார்டு கொண்டுபோன உடையும் உணவுப் பொருளும் வேண்டாம் என்று பெரும்பாலும் மறுத்துவிட்டார். கல்கத்தாவின் ஆசியக் கழகம் மேற்கொண்டு தர முன்வந்த உதவித்தொகையையும் அவர் ஏற்கவில்லை. பேசியது ஐம்பது, அதற்குமேல் ஒரு காசும் வேண்டாம் என்ற பிடிவாதம். பொதுப் பணத்தைத் தொடுகிற எவரும், அது சங்கத்து உண்டியலாக இருந்தாலும் சரி, அரசாங்கக் கஜானாவாக இருந்தாலும் சரி, இந்த ஏழை அங்கேரியரை ஒரு கணம் நினைத்துக்கொண்டு தொட்டால் நாடு எவ்வளவோ உருப்படும்.

கல்கத்தா

1831-ல் கல்கத்தா வந்தார். 1834-ல் அகராதியும் இலக்கணமும் அரசுச் செலவில் அச்சாயின. அகராதியில் 500 படிகள். திபெத்து மொழியை வெளியுலகம் நம்பிக் கற்கத்தக்க முதல் நூல்கள் அவை. உலகில் இன்று திபெத்தியம் பயிலும் கல்வித் துறைக்கு அவரே தந்தை என்று அறிஞர்கள் ஒப்புகிறார்கள். அதோடு, கஞ்சூர் எனப்படும் நூறு தொகுதித் திரட்டில் என்னென்ன நூல்கள் அடங்கியுள்ளன என்று விளக்கமாக எழுதி வெளியிட்டார். புத்தர் பிறந்த மண்ணில் மறைந்துபோன பல நூல்கள் திபெத்து மொழிபெயர்ப்பில் பத்திரமாக இருப்பது இதனால் உலகுக்குத் தெளிவாயிற்று. தம் வீட்டுப் பத்திரத்தைத் தேடிப் போனவர், நம் வீட்டில் தொலைந்த பெட்டகத்தைக் காட்டிக் கொடுத்தார்!

நூலின் முகப்பில் தம்மைச் சேக்கேய் குடி அங்கேரியன் என்று குறித்துக்கொள்ள அவர் மறக்கவில்லை. அங்கேரியில் 1825-ல் செச்சேனி என்ற பிரபு தம் ஓராண்டு வருமானத்தைக் கொடுத்துத் தாய்மொழி வளர்ச்சிக்காக அறிவியல் கழகத்தைத் தொடங்கி வைத்திருந்தார். 1833-ல் அந்தக் கழகம் சோமாவை உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. தம் நாட்டார் அனுப்பிய பணத்தில் தமக்கென்று செலவிடாமல், படித்த கல்லூரியின் மாணவர் உதவிக்குத் திருப்பி அனுப்பினார்.

1837 முதல் ஆசியக் கழகத்தின் நூலகராக இருந்தார். கழகத்துக் கட்டடத்திலேயே ஓர் அறை. நாலு பக்கமும் புத்தகப் பெட்டிகளை அடுக்கி, நடுவே பாய் விரித்து, அங்கேயே படிப்பு, அங்கேயே தூக்கம். சோறும் தேநீரும் உணவு. எப்போதும் ஒரே மாதிரி முரட்டு நீலத்துணி உடை. சமஸ்கிருதமும் வங்காளமும் கற்றார். பெரிய மனிதர் விருந்துக்குப் போவதில்லை.

ஆனால் பழைய கேள்வி விடவில்லை. ஐம்பத்தெட்டாம் வயதில், லாசா போவோம், அங்குள்ள ஏடுகளைப் பார்ப்போம், அதற்கப்பால் உய்குர் நாட்டுக்கும் போவோம் என்று 1842-ல் மறுபடி கிளம்பினார். தெராய்க் காட்டுச் சதுப்பில் மலேரியா பற்றியது. மார்ச் 24-ஆம் நாள் டார்ஜிலிங் சேர்ந்தார். ஏப்ரல் 6-ல் காய்ச்சல் கண்டது. 11-ல் உயிர் பிரிந்தது. விட்டுப்போன சொத்து: நான்கு பெட்டி நூல்களும் தாள்களும், உடுத்தியிருந்த நீல உடை, சில சட்டைகள், சமையல் பாத்திரம் ஒன்று. கல்லறைக்கு ஆசியக் கழகம் நினைவுக்கல் எழுப்பியது. 1933-ல் ஜப்பானியப் பௌத்தர்கள் அவரைப் போதிசத்துவர் வரிசையில் வைத்தார்கள். அவருடைய தாள்களின் தொகுப்பு 2009-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது.

தேடியது எங்கே இருந்தது?

சோமா தேடிய உறவு அவர் போன திசையில் இல்லை. வடக்கே இருந்தது. அவர் பிறப்பதற்கு முன்பே, 1770-ல், ஷாய்நோவிச் என்ற அங்கேரிய அறிஞர், வடதுருவத்தை ஒட்டி வாழும் லாப்பியர் மொழிக்கும் அங்கேரிய மொழிக்கும் உறவு உண்டு என்று நூல் எழுதினார். 1799-ல், சோமா கல்லூரியில் கால் வைத்த அதே ஆண்டில், ஜார்மதி என்பவர் அதை இலக்கண வழியில் நிலைநாட்டினார். மீனுக்கு அங்கேரியில் ஹல், பின்லாந்தில் கலா. நீருக்கு வீஸ், வெசி. ரத்தத்துக்கு வேர், வெரி. இவை நடையில் மட்டும் ஒத்தவை அல்ல, வேரிலேயே ஒத்தவை. யூரல் மலைக்கு அப்பால், ஓப் ஆற்றங்கரையில் மீன்பிடித்தும் வேட்டையாடியும் வாழும் மான்சி, கான்டி என்ற சிறு குடிகளின் மொழிகளே அங்கேரிய மொழிக்கு மிக நெருங்கியவை. அவற்றைப் பேசுவோர் இன்று சில ஆயிரம் பேரே.

சான்று கையில் இருந்தும் அங்கேரியப் பெரியமனிதர்கள் ஏன் ஏற்கவில்லை? மீன் நாற்றமடிக்கும் உறவு வேண்டாம் என்றார்கள்! அட்டிலா மன்னன், ஹூணர் படை என்று வீரப்பரம்பரை வேண்டும். ஏழை மீனவனைப் பெரியப்பா என்று கூப்பிட வெட்கம். உறவிலும் பணக்கார உறவு தேடுகிற பழக்கம் மனிதரை விட்டபாடில்லை. சோமா அந்த வெட்கத்துக்காக நடந்தவர் அல்ல. ஆனால் அந்தக் காலத்து நம்பிக்கையே அவரைத் தவறான திசையில் அனுப்பியது. இன்று அங்கேரியரின் உடற்கூற்று மரபைப் பார்த்தால், சுற்றியுள்ள மக்களோடு பெரிதும் ஒத்திருக்கிறது. மொழி ஒரு வழியில் வந்தது. ரத்தம் பல வழியில் வந்து கலந்தது.

அடிபட்டவன் அடித்த கதை

சோமா இறந்தபின் அங்கேரி என்ன ஆயிற்று? 1844-ல் அங்கேரிய மொழி ஆட்சி மொழியாயிற்று. 1848-ல் கோசூத் தலைமையில் விடுதலைப் புரட்சி. 1849-ல் ரஷ்யப் படையைத் துணைக்கு அழைத்து வியன்னா அதை நசுக்கியது. அக்டோபர் 6-ஆம் நாள் அராத் நகரில் பதின்மூன்று தளபதிகளைக் கொன்றது. ஆனால் அதே 1849-ன் ஜனவரியில், ருமேனியருக்கும் அங்கேரியருக்கும் மூண்ட பகையில், சோமா படித்த நாகியெனியெத் கல்லூரி எரிந்தது. ஊரில் பலர் கொல்லப்பட்டனர். 1867-ல் வியன்னாவோடு உடன்பாடு ஏற்பட்டு, அங்கேரியர் கையில் உள்நாட்டு ஆட்சி வந்தது. வந்ததும் என்ன செய்தார்கள்? ஜெர்மன் திணிப்பை எதிர்த்த அதே கூட்டம், ருமேனியர் மீதும் சுலோவாக்கியர் மீதும் அங்கேரிய மொழியைத் திணித்தது. 1907-ல் பள்ளிகளுக்கென்று சட்டமே போட்டது. அடிபட்டவனுக்கு வலி தெரியும் என்பார்கள். கையில் கோல் வந்ததும் வலி மறந்துபோகிறதே!

முதல் உலகப்போர் முடிந்து 1920-ல் திரியனான் உடன்படிக்கை. அங்கேரி தன் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. சோமாவின் ஊர் ருமேனியாவுக்குப் போயிற்று. இன்றும் அங்கேதான் இருக்கிறது. ஏறத்தாழப் பத்து லட்சம் அங்கேரிய மொழியார் இன்று ருமேனியக் குடிமக்கள். அவர்கள் யாரும் நடந்து போய் அந்நியராகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தார்கள், எல்லைக்கோடு அவர்களைத் தாண்டிப் போயிற்று.

நம் வாசலில்

இனி நம் ஊருக்கு வருவோம். மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. லாட நாட்டிலிருந்து, அதாவது தென் குஜராத்திலிருந்து, பட்டு நெசவாளர் கூட்டமொன்று அங்கே குடிபெயர்ந்து வந்ததையும், 436-ல் சூரியன் கோயில் கட்டியதையும், 473-ல் அதைப் பழுது பார்த்ததையும் அது சொல்கிறது. வந்தவர்களில் சிலர் நெசவிலேயே நின்றார்கள், சிலர் வில்லெடுத்தார்கள், சிலர் சோதிடம் பார்த்தார்கள் என்றும் சொல்கிறது. நம் சௌராஷ்டிரத் தோழர்களின் முன்னோர் அவர்களே என்று கருதுவோர் உண்டு. அந்தக் கூட்டமோ வேறு கூட்டமோ, குஜராத்திக்கு உறவான ஒரு மொழியை நாக்கிலும், பட்டு நெசவைக் கையிலும் வைத்துக்கொண்டு பல நாடு கடந்து தமிழ்நாடு வந்தவர்கள் அவர்கள் என்பது உறுதி. வரும் வழியிலெல்லாம் மராத்தியும் கன்னடமும் தெலுங்கும் அந்த மொழியில் ஒட்டின. இங்கே தமிழ் ஒட்டியது.

அவர்களைப் பார்த்து, வந்தவர் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? சொல்லுமுன் கடலுக்கு அப்பால் பார்க்க வேண்டும். இலங்கை மலைக்காட்டை வெட்டித் தேயிலை நட்டவன் தமிழன். தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்து, அங்கே புதைந்தான். 1948-ல் குடியுரிமைச் சட்டம் போட்டு, நீ எந்த ஊர் என்று அவனைக் கேட்டார்கள். 1964-ல் சிரிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மூட்டை பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்தார்கள். பூர்வீகம் எது என்ற கேள்வி ஏட்டிலே இருக்கும்வரை அறிவு. அதிகாரத்தின் கைக்குப் போனால் கத்தி.

வேர் தேடுவது தவறு என்று நாம் சொல்லவில்லை. மொழியைக் கற்று, சான்றைச் சேர்த்து, உண்மை எதுவாயினும் ஏற்பேன் என்று தேடுகிறவன் அறிஞன். சோமா அப்படித் தேடினார். தேடியது கிட்டாதபோது பொய் புனையவில்லை. கண்டுவிட்டேன் என்று ஊருக்குக் கடிதம் போட்டுப் புகழ் பெறவில்லை. வழியில் கிடைத்த வேலையை முழு மனதோடு செய்தார். அந்த வேலை அவர் இனத்துக்கு மட்டுமல்ல, திபெத்தியருக்கும் நமக்கும் உலகுக்கும் பயன்பட்டது. சங்லா மலையில் அவர் குளிரில் கிடந்த இடத்தை இந்த நூற்றாண்டில் அங்கேரித் தன்னார்வத் தொண்டர்கள் வந்து, உள்ளூர் மக்களோடு சேர்ந்து மண் சுமந்து பழுது பார்த்தார்கள். தேடிப் போன ரத்த உறவு கிடைக்கவில்லை; உழைப்பால் ஏற்பட்ட உறவு இருநூறு ஆண்டாக நிற்கிறது.

ஆரணித் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான். வீட்டு மொழியைக் காப்பாற்றுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த வீட்டு மொழியையும் மதியுங்கள். யார் முன்னால் வந்தவர், யார் பின்னால் வந்தவர் என்று தறிக்குக் கணக்குத் தெரியாது. பாவு ஒரு திசை, ஊடை ஒரு திசை. இரண்டும் சேர்ந்தால்தான் சேலை. கூலி உயர்வு கேட்டு நிற்கும்போது உங்களைப் பிரிக்க, பூர்வீகத்தைப் பற்றி ஒருவன் பேச்செடுப்பான். அவனிடம் டார்ஜிலிங் கல்லறையைப் பற்றிச் சொல்லுங்கள்.